போட்ட யூரியா எங்கே போகிறது?

வயலில் போட்ட யூரியாவிலுள்ள நைட்ரஜனில் பயிருக்குச் சேர்வது பல இடங்களில் பாதிகூட இல்லை. மீதியில் கொஞ்சம் அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது, கொஞ்சம் நைட்ரேட்டாகி நிலத்தடி நீருக்கு இறங்குகிறது, இன்னும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு உள்ளிட்ட வாயுக்களாக வெளியேறுகிறது. எது எவ்வளவு என்று வயல் முழுக்கத் தோண்டிப் பார்க்க முடியாது. அதனால் மண் விஞ்ஞானிகள் கணினியில் கணக்குப் போடுகிறார்கள்.

அம்மோனியா நைட்ரேட் ஆவது வெறும் வேதிவினை என்றே ஒரு காலத்தில் பலர் நினைத்திருந்தார்கள். 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர், நீண்ட குழாயில் மணலையும் சுண்ணாம்புக்கல் தூளையும் நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரை மெல்ல இறக்கினார்கள். ஏறக்குறைய 20 நாள் வரை, உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. பிறகுதான் நைட்ரேட் தலைகாட்டியது. வேதிவினைதான் என்றால் இத்தனை நாள் தாமதம் ஏன்? குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நைட்ரேட் உண்டாவது நின்றது. வேலை பார்த்தவை உயிர்கள் என்பது உறுதியானது.

இன்றைய கணினி மாதிரிக்குள் இருப்பதும் ஏறத்தாழ அந்தக் குழாய்தான். ஈர மண்ணில் நீர் நகர்வதை 1931இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சமன்பாடு சொல்கிறது. கரைந்த பொருள் நீரோடு போகும், போகும்போதே பரவும், சிலது களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். நேர்மின்னூட்டம் கொண்ட அம்மோனியம் ஒட்டும். எதிர்மின்னூட்டம் கொண்ட நைட்ரேட் பெரும்பாலும் நிற்காமல் ஓடிவிடும். இரை கூடினால் நுண்ணுயிரின் வேகமும் கூடி, ஓர் அளவுக்கு மேல் கூடாமல் நிற்கும் என்பது பிரெஞ்சு அறிஞர் மோனோ 1940களில் தந்த விதி. நம் ஊரில் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுவதும் இந்தக் கட்டத்தைக் குறிவைத்துத்தான். அம்மோனியத்தை நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாவை வேம்பு மந்தப்படுத்துகிறது.

இந்தச் சமன்பாடுகள் எல்லாம் சராசரி மண்ணைப் பற்றிப் பேசுபவை. பாக்டீரியாவோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளமுள்ளது. அதற்குத் தெரிந்த உலகம் ஒரு துளையும் அதிலுள்ள நீர்ப்படலமும்தான். நீருக்குள் ஆக்சிஜன் ஊடுருவுவது காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாக. ஆகவே ஈரமான ஒரு சிறு மண்கட்டியின் மேற்புறத்தில் காற்று தாராளமாக இருக்கும்போதே, நடுவில் ஆக்சிஜன் அற்றுப்போயிருக்கலாம். நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியா அங்கேதான் வேலையைத் தொடங்கும்.

1987இல் அமெரிக்காவின் பார்கின் வெளியிட்ட ஆய்வு இதை முகத்தில் அறைந்தாற்போலக் காட்டியது. ஏறத்தாழ 100 கிராம் மண்ணில் நடந்த வாயுவாக்கத்தில் 85 சதவீதம், 0.1 கிராம்கூட இல்லாத ஓர் இலைத்துண்டிலிருந்து வந்திருந்தது. அது நம் தண்டுக்கீரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு களைச்செடியின் இலை. அந்த மண்ணுக்குச் சராசரி எடுத்து என்ன பயன்?

இப்போது எக்ஸ்ரே சி.டி. ஸ்கேனில் மண்ணை வைத்து, துளைகளை முப்பரிமாணத்தில் வரைந்து, அந்த வரைபடத்துக்குள்ளேயே நீரையும் நுண்ணுயிரையும் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். அழகான வேலை. ஆனால் அது சில சென்டிமீட்டர் மண்ணுக்கே சரி. ஒரு ஏக்கருக்கு அப்படிச் செய்ய எந்தக் கணினியாலும் ஆகாது. வயல் அளவில் பல மாதிரிகள் இன்னும் ஒரு குறுக்குவழியையே பிடித்திருக்கின்றன: மண் துளைகளில் சுமார் 60 சதவீதத்துக்கு மேல் நீர் நிரம்பினால் வாயுவாக்கம் வேகமெடுக்கும் என்று வைத்துக்கொள்வது. பல மண்களுக்கு இது ஓரளவு பொருந்துகிறது. அந்த இலைத்துண்டு எங்கே கிடக்கிறது என்பதை மட்டும் அது சொல்லாது.

நைட்ரஸ் ஆக்சைடை அலட்சியம் செய்ய முடியாது. 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது அது. நைட்ரேட் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று, அந்த மண்ணின் அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த ஒரு மாதிரி சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். வயலிலிருந்து எவ்வளவு நைட்ரஸ் ஆக்சைடு போகிறது என்று ஒற்றை எண்ணைக் கொடுத்தால், பிழை வரம்பையும் கேட்டு வாங்குங்கள்.