பழைய செற்றி வாங்கப் போகிறீர்களா?

முள்ளிவாய்க்காலில் ஒரு வீட்டு விறாந்தையில் பழைய செற்றி ஒன்று போடப்பட்டிருக்கிறது. என்னுடன் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் வீடு அது. அவருடைய தாயார் சுகயீனமுற்றிருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு நாள் பார்க்கச் சென்றிருந்தேன். மூன்று பேர் தாராளமாக உட்காரக்கூடிய முதிரை மரச் செற்றி. பிரம்பு பின்னிய இருக்கை. வலப்பக்கக் கைப்பிடி பாதி கருகியிருந்தது. மற்றபடி கண்ணாடி போலத் துடைத்து வைத்திருந்தார்கள்.

"நல்ல பழைய சாமான் அம்மா, பரம்பரைச் சொத்தோ?" என்று கேட்டேன்.

"எங்கட இல்லை மௌலவி. நாங்கள் திரும்பி வரேக்கை வேலியோரம் மணலுக்குள்ள கிடந்தது. ஆற்றையோ வீட்டுச் சாமான். வந்து கேட்டால் குடுக்கவேணும் எண்டுதான் துடைச்சு வைச்சிருக்கிறன்" என்றார் அந்த அம்மா.

2009ஆம் ஆண்டு தொடக்கத்தில் கிளிநொச்சியிலிருந்தும் விசுவமடுவிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் உழவு இயந்திரங்களில் வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கி நகர்ந்த சனங்கள், கடைசியில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட அந்த மணல் துண்டில் உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உயிர்களே போன இடத்தில் தளபாடத்தை யார் தேடுவார்? ஆனால் ஒரு பழைய செற்றியைப் பார்க்கும்போது 'இது எங்கே செய்தது, என்ன விலை?' என்று மட்டும் கேட்டால் போதாது, 'இது யாருடையது?' என்றும் கேட்க வேண்டும் என்பதை அன்று அந்த அம்மாவிடம் கற்றுக்கொண்டேன்.

சகோதரிகளே! இப்போது நம்மவர் வீடுகளில் பழைய தளபாடங்களுக்கு மவுசு கூடியிருக்கிறது. வாங்குவதில் தவறில்லை. அறிந்து வாங்க வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

சொல்லுக்குள்ளே சரித்திரம்

நாம் அன்றாடம் சொல்லும் கதிரை, மேசை, அலுமாரி, விறாந்தை என்பன போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். 'சோபா' என்பதோ அரபுச் சொல்லான 'ஸுஃப்பா'விலிருந்து துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பி வந்தது. ஸுஃப்பா என்றால் திண்ணை. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியை ஒட்டியிருந்த திண்ணையில் தங்கிக் கல்வி கற்ற ஏழைத் தோழர்களைத்தான் 'அஹ்லுஸ் ஸுஃப்பா' என்கிறோம். வீடு வாசல் இல்லாதவர்கள் தங்கிய இடத்தின் பெயர், இன்று வசதியின் அடையாளமாகிவிட்டது!

இலங்கையில் ஒல்லாந்தர் கரையோரத்தை ஆண்ட 1658 முதல் 1796 வரையான காலத்தில் நம் நாட்டுத் தச்சர்கள் அவர்களுடைய மாதிரியில், நம் நாட்டு மரத்தில் செற்றிகளைச் செய்தார்கள். கருங்காலி, முதிரை, நெடுன், பலா ஆகியவற்றோடு வரி வரியாக அழகு காட்டும் கலமந்தர் மரமும் பயன்பட்டது. அளவில்லாமல் வெட்டியதால் கலமந்தர் இன்று காட்டிலேயே காண அரிதாகிவிட்டது. பிரித்தானியர் காலத்திலும் இந்த வேலை தொடர்ந்தது. மொறட்டுவைத் தச்சர்கள் இதில் பேர் பெற்றவர்கள். கொழும்பு புறக்கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் கால அருங்காட்சியகத்தில் அக்காலத் தளபாடங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வாங்க நினைப்பவர்கள் முதலில் அங்கே போய் நல்ல வேலை எப்படியிருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது.

அவற்றில் பலவற்றுக்கு மெத்தை கிடையாது, பிரம்புப் பின்னல்தான். நம் வெக்கைக்கு அதுவே ஏற்றது. காற்று கீழிருந்து மேலே போகும். வியர்வை தங்காது, மூட்டைப்பூச்சிக்கும் இடமில்லை.

கவிழ்த்துப் பாருங்கள்

முன்பக்கத்தின் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். செற்றியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

பழைய வேலையில் ஒரு கட்டையின் நாக்கு மற்றக் கட்டையின் துளைக்குள் இறங்கி, மர ஆணியால் இறுக்கப்பட்டிருக்கும். நட்சத்திரத் தலை ஆணி கண்டால், அது 1930களுக்குப் பின் வந்தது என்று விளங்கிக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் திருத்தியதாகவும் இருக்கலாம், ஆகவே அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். கையால் இழைத்த பலகையைத் தடவினால் மெல்லிய மேடு பள்ளம் தெரியும். வட்ட வட்டமாக அரம்பக் கீறல் இருந்தால் அது இயந்திர வாளால் அறுத்த மரம்.

புது மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி கருங்காலி என்று விற்பவர்களும் உண்டு. உண்மையான கருங்காலி கல்லுப் போலப் பாரமானது. மறைவான இடத்தில் சிறிது சுரண்டினால் உள்ளேயும் கறுப்பாகவே இருக்கும்.

பிறகு செற்றியை நிமிர்த்தி இரு கைப்பிடிகளையும் பிடித்து அசையுங்கள். மூட்டு ஆடினால் ஓடாவியிடம் கொடுத்து இறுக்கலாம், அது பெரிய குறையல்ல. சிறு துளைகளிலிருந்து புதுத் தூள் கொட்டினால் கவனம்! உள்ளே பூச்சி உயிரோடிருக்கிறது. வைரம் பாய்ந்த கட்டையைப் பூச்சி இலகுவில் தொடாது, வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். காலும் சட்டமும் வைரமாக இருந்தால் மருந்து ஏற்றிக் காப்பாற்றலாம். காலே உளுத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு எடுக்குமுன் வாசலை அளந்துகொள்ளுங்கள். பழைய செற்றிகள் ஆறடி ஏழடி நீளம் வரும். முழங்கால் வருத்தமுள்ள பெரியவர்கள் இருந்தால் இருக்கையின் உயரம் பதினெட்டு அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹோலை நிரப்பி, தொழுகைப் பாய் விரிக்க இடமில்லாமல் ஆக்கிவிடாதீர்கள்!

பராமரிப்பு உங்கள் கையில்

பிரம்பு தொய்ந்திருந்தால் உடனே மாற்ற வேண்டியதில்லை. செற்றியைக் கவிழ்த்து, ஈரத்துணியால் அடிப்பக்கத்தை நன்றாக நனைத்து, நிழலில் காய விடுங்கள். காயும்போது பிரம்பு சுருங்கி இறுகும். கடும் வெயிலில் வைத்தால் பிரம்பு முறியும். பிள்ளைகளை அதில் ஏறி நிற்க விடக் கூடாது.

பழைய பொலிஷ் பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது. சுடுதேநீர்க் கோப்பையை வைத்தால் வெள்ளை வளையம் விழும். வாசனைத் திரவியம் தெறித்தாலும் பூச்சு கரையும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, இடைக்கிடை தேன்மெழுகு பூசினால் போதும்.

பெயின்ற் பூசிய பழைய செற்றியானால் மிகக் கவனம் தேவை. அக்காலப் பெயின்றில் ஈயம் கலந்திருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்தால் கிளம்பும் தூசு சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பெரும் கேடு. நனைத்து, வெளியில் வைத்து, பிள்ளைகளைத் தூர வைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

வன்னி மண்ணில் கறையானுக்குச் சொல்லவும் வேண்டுமா? சுவரை ஒட்டிப் போடாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். கிழமைக்கு ஒரு தடவை கால்களைப் பாருங்கள்.

யாருடைய பொருள்?

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் ஒரு சில நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. முல்லைத்தீவிலிருந்த எங்கள் வீட்டு விறாந்தையில் வாப்பா உட்கார்ந்து ஓதும் பாலை மரச் செற்றி ஒன்று இருந்தது. புத்தளத்து ஓலைக் குடிசையில் இருந்த காலத்திலும் உம்மா அதைப் பற்றிப் பேசுவார். ஊர் திரும்பியபோது சுவரே இல்லை, செற்றி எங்கே!

பின்பு சுனாமி 2004 டிசம்பரில் அந்தக் கரையைத் துடைத்தது. அதன் பின் போர். இப்படி மூன்று தரம் வீடுகள் வெறுமையான மாவட்டத்தில், கைமாறி வந்த பழைய பொருள் எல்லாம் முறையாக விற்கப்பட்டதுதான் என்று கண்ணை மூடி நம்ப முடியுமா?

ஆகவே விற்பவரிடம் வாய் திறந்து கேளுங்கள். எந்த ஊரில், எந்த வீட்டில் இருந்தது? யார் விற்றார்? பதில் மழுப்பலாக இருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பி வாருங்கள். பறித்த பொருள் பத்துக் கை மாறினாலும் உரியவரின் ஹக்கு அழியாது. கண்டெடுத்த பொருளை ஒரு வருடம் அறிவிக்க வேண்டும் என்று ஃபிக்ஹுப் பாடத்தில் படிப்பிக்கிறோம். அந்த அம்மா அந்தப் பாடத்தைப் படித்தவர் அல்லர். ஆனால் வருடக் கணக்காக ஒருவரின் பொருளைத் துடைத்துக் காத்து வருகிறார்.

விற்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. குறையை மறைக்காமல் சொல்லி விற்பதில்தான் பறக்கத். மிகப் பழைய பொருள்களை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்ப நம் நாட்டுச் சட்டம் இடம் கொடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விடைபெறும் முன் அந்த அம்மா தேநீர் கொண்டுவர உள்ளே போனார். எங்கள் செற்றியின் இருக்கைக்கு அடியில் வாப்பா உளியால் தன் பெயரின் முதலெழுத்தை அரபியில் கொத்தியிருந்தார். அது பாலை, இது முதிரை என்று தெரிந்தும், மனம் கேட்காமல் குனிந்து பார்த்தேன்.

எழுத்து இல்லை. அது வேறு யாரோ ஒரு வாப்பாவின், அல்லது ஓர் ஐயாவின் செற்றி. அவரோ அவர் பிள்ளைகளோ ஒரு நாள் அந்த வேலியோரம் வந்து கேட்க வேண்டும் என்று துஆச் செய்துகொண்டு தேநீரைக் குடித்தேன். கோப்பையை மட்டும் கையிலேயே வைத்திருந்தேன், அந்த மரத்தின் மீது வைக்கவில்லை.