காய்ச்சலும் பாய்ச்சலும்

காவிரி முக்கொம்பில் பிரிந்து, வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவிரியாகவும் ஓடித் திருவரங்கத்தைத் தீவாக்குகின்றது. சுற்றிலும் உய்யக்கொண்டான், ஐயன், பெருவளை முதலிய வாய்க்கால்கள் பாயும் நெல்வயல்கள். இவ்வயல்களில் தேங்கும் நீருக்கும் உலகின் வெப்பம் உயர்வதற்கும் தொடர்பு உண்டு என்றால், மாணவர்களே, நம்புவதற்கு அரிதாகவே தோன்றும்.

தொடர்பு இதுதான். நீர் தேங்கிய சேற்றுக்குள் காற்றுப் புகாது. காற்றில்லா இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள், அங்கு மட்கும் தாளிலிருந்தும் வேரிலிருந்தும் மீதேன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. அதன் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றுக் குழல்கள் வழியாகவே மேலே வந்து வானிற் கலக்கின்றது. எடைக்கு எடை ஒப்பிட்டால், நூறாண்டுக் கணக்கில், மீதேன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் அதன் சராசரி ஆயுள் சுமார் 12 ஆண்டுகளே. கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்து நிற்கும்.

இதனை வைத்து எழுந்த வழக்கு சுவையானது. இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 380 இலட்சம் டன் மீதேனை வெளியிடுவதாக, 1990-ஆம் ஆண்டளவில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் மதிப்பிட்டது. பிறநாட்டு வயல்களில் எடுத்த அளவுகளைக் கொண்டு போட்ட கணக்கு அது. 1991-இல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சார்ந்த ஏ. பி. மித்ராவும் பிற அறிஞர்களும் நம் வயல்களிலேயே கருவி வைத்து அளந்தனர். கிடைத்த விடை சுமார் 40 இலட்சம் டன்! அளவாமல் போட்ட கணக்கு எத்தனை பெரிய பழியைச் சுமத்திவிடுகிறது, பாருங்கள். அதே ஆண்டில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், ஏழை உழவன் வயிற்றுக்காக விளைவிக்கும் நெல்லையும் செல்வர் இன்பத்திற்காக ஓட்டும் மோட்டார் வண்டியையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையோ என்று வினவினர். 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டின்போது, 2030-க்குள் உலகின் மீதேனை 30 விழுக்காடு குறைப்போம் என்று பல நாடுகள் உறுதி கூறியபோது, இந்தியா அதில் சேரவில்லை.

பட்டிமன்றத்தில் இந்தப் பக்கம் பேசும் மாணவர் எளிதில் வென்றுவிடுவார். நீதியும் பெரிதும் அவர் பக்கமே. முதற் குற்றவாளி நெல்லன்று, நிலக்கரியே. நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் அதிலிருந்துதான் வருகின்றது. அந்நிலையங்களுக்குக் கொதிகலன் செய்து தரும் பாரத மிகுமின் தொழிற்சாலை 1965 முதல் நம் திருவெறும்பூரிலேயே இருக்கின்றது! எனினும், வழக்கில் வென்றோம் என்பதற்காக வயலில் நீரைத் தேக்கியே வைக்க வேண்டுவதில்லை. குறைப்பதற்குரிய வழி நம் உழவருக்கு அயலானதும் அன்று. காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது அதன் பெயர்.

முறை எளிது. பக்கங்களில் துளையிட்ட ஒரு குழாயை வயலிற் புதைத்து, அதனுள் இருக்கும் மண்ணை அகற்றிவிட்டால், நிலத்தடியில் நீர் நிற்கும் மட்டம் கண்ணுக்குத் தெரியும். நட்ட இரண்டு வாரம் வரையிலும், பூக்கும் பருவத்திலும் நீர் நிற்கட்டும். மற்றைய நாட்களில், நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின்னரே, 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். மண்ணுக்குள் காற்றுச் செல்லவே மீதேன் ஏறத்தாழப் பாதியாகக் குறையும், விளைச்சல் குறையாது, நீரும் கணிசமாக மிச்சமாகும். காய்ச்சலின்போது நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வேறொரு வாயு சிறிது கூடும் என்பது உண்மை. யூரியாவை அளவறிந்து இட்டால் அதனையும் அடக்கலாம்.

அவ்வாறாயின் எல்லோரும் ஏன் செய்வதில்லை? உழவரின் அறியாமை என்று சிலர் கூறுவதை நான் ஒப்பேன். தலைமடைக்காரர் வேண்டும்போது மடையைத் திறந்துகொள்வார். கடைமடைக்காரருக்கோ அடுத்த முறை நீர் என்று வரும், வருமா என்பதே ஐயம். மேட்டூர் அணையின் கதவு வழக்கமான ஜூன் 12-இல் திறவாத ஆண்டுகள் பல. வந்த நீரை வயலில் தேக்கி வைப்பதுதான் அவருக்குள்ள ஒரே சேமிப்பு. அதனை வடியவிடு என்று அவரிடம் சொல்வதற்கு முன், வாய்க்காலில் நீர்விடும் நாட்களை முன்கூட்டியே அறிவித்து, அறிவித்தபடி விடுதல் வேண்டும். குழாயின் விலை சொற்பம். தூர்ந்த வாய்க்காலைத் தூர்வாரி, பழுதுற்ற மதகைச் செப்பனிட ஆகும் செலவோ பெரிது. வெப்பத்தைக் குறைப்பதற்கென உலக நாடுகள் ஒதுக்கும் பணம் இவ்வூர் வயலுக்கு வருமாயின், அது முதலில் செல்ல வேண்டிய இடம் அந்த மதகுதான்.