சர் ஏ. ராமசாமி முதலியார்: மன்றங்களிலிருந்து தொழிற்சாலை வாசல் வரை

நம் வைட்ஃபீல்டில் இன்று எந்த அடுக்குமாடியில் நுழைந்தாலும் லிஃப்டில் ஒருவராவது சக்கரம் வைத்த பெட்டியோடு நிற்கிறார். திங்கள் சிங்கப்பூர், வியாழன் லண்டன் என்கிறார்கள். போன மாதம் சங்கக் கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர், "அங்கிள், அரசாங்கத் தூதராக உலகம் சுற்றி, பிறகு பெரிய கம்பெனிகளுக்கும் தலைவராக இருந்த தமிழர் யாராவது உண்டா?" என்று கேட்டார். "சர் ஏ. ராமசாமி முதலியார்" என்றேன். "பிரசவ வைத்தியம் பார்த்தாரே, அவரா?" என்று திருப்பிக் கேட்டார். இந்தக் குழப்பம் அவருக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் உண்டு. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

ஆற்காடு ராமசாமி முதலியாரும் ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் இரட்டையர்கள். 1887 அக்டோபர் 14 அன்று கர்னூலில் பிறந்தவர்கள். அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. பேசும் மொழி தெலுங்கு. நம் பிள்ளைகளைப் போலவே, வீட்டில் ஒரு மொழியும் தெருவில் வேறு மொழியுமாக வளர்ந்தவர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். உருவ ஒற்றுமையைப் பற்றிப் பல கதைகள் உண்டு. நான் அதற்குள் போகவில்லை. டாக்டர் லட்சுமணசாமி மருத்துவராகி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் இருந்தார். ராமசாமி சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்து வக்கீலானார்.

நீதிக்கட்சியில் சேர்ந்து சட்டமன்றம் சென்றது, 'ஜஸ்டிஸ்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தது, 1928 முதல் 1930 வரை சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தது எல்லாம் அவருடைய முதல் அத்தியாயம். வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போனார். 1939-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் வர்த்தக உறுப்பினர் ஆனார். இன்றைய கணக்கில் மத்திய வர்த்தக மந்திரி.

இங்கே சற்று நிற்க வேண்டும். யுத்தம் வந்ததும் வெளிநாட்டிலிருந்து ரசாயனம், மருந்து, இயந்திரம் எல்லாம் வருவது தடைப்பட்டது. நம் நாட்டிலேயே செய்துகொள்ள ஆராய்ச்சி வேண்டும். 1940 ஏப்ரலில் அறிவியல் தொழில் ஆராய்ச்சி வாரியம் தொடங்கப்பட்டபோது அதன் தலைவர் முதலியார். இயக்குநர் விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகர். ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு ஆராய்ச்சி நிதி வேண்டும் என்று மத்திய சட்டசபையில் முதலியார் கேட்டு வாங்கினார். அந்த வாரியத்தின் வழியில் 1942 செப்டம்பரில் பிறந்ததுதான் சி.எஸ்.ஐ.ஆர். நாம் பழைய விமான நிலையச் சாலை வழியாகப் போகும்போது பார்க்கிறோமே என்.ஏ.எல், மைசூரில் இருக்கிறதே உணவுத் தொழில்நுட்ப ஆய்வகம், இரண்டுமே அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். விஞ்ஞானிகளின் பெயர் நிலைத்தது. கோப்பை நகர்த்தியவரின் பெயர் நிலைக்கவில்லை. நானும் கோப்பு நகர்த்தியே ஓய்வு பெற்றவன் ஆதலால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

1942-இல் அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். சர்ச்சிலின் யுத்த மந்திரிசபையில் இந்தியாவின் பிரதிநிதிகளாக இருவர். ஒருவர் நவாநகர் ஜாம் சாகேப், மற்றவர் முதலியார். அதே 1942 ஆகஸ்டில் இங்கே 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம். காந்தியடிகளும் தலைவர்களும் சிறையில். இதை மறைத்துவிட்டு அவர் பெருமையை மட்டும் எழுதினால் அது முறையாகாது. என் தகப்பனார் ரயில்வேயில் பியூனாக இருந்தவர், கடைசிவரை கதர் கட்டியவர். முதலியார் பெயர் காதில் விழுந்தால், "அவன் வெள்ளைக்காரன் ஆள்டா" என்று பேச்சை முடித்துவிடுவார். நானும் வெகுகாலம் அப்படியே நினைத்திருந்தேன்.

1945-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சபையை உருவாக்கும் மாநாடு. இந்தியக் குழுவின் தலைவர் முதலியார். மாநாட்டு மண்டபத்துக்கு வெளியே விஜயலட்சுமி பண்டிட் அம்மையார், "இந்தக் குழு இந்திய மக்களின் பிரதிநிதி அல்ல" என்ற பொருளில் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது நியாயம். அதே சமயம் உள்ளே முதலியார் செய்ததும் வீண் போகவில்லை. பொருளாதார, சமூக ஒத்துழைப்பு பற்றிய பகுதியை வகுத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். நிற, இன வேறுபாடின்றி மனிதனுக்கு மதிப்பு வேண்டும் என்று அங்கே வாதாடினார். ஜூன் 26 அன்று சாசனத்தில் இந்தியா சார்பில் கையெழுத்திட்டார். சுதந்திரம் வர இன்னும் இரண்டு வருடம் பாக்கி!

1946 ஜனவரியில் லண்டனில் ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றம் முதன்முறையாகக் கூடியபோது, 18 நாடுகள் சேர்ந்து அவரையே முதல் தலைவராகத் தேர்ந்தெடுத்தன. இந்த மன்றம் என்ன செய்கிறது? பாதுகாப்பு சபை சண்டையைக் கவனிக்கும். தொழிலாளர், கல்வி, உடல்நலம், மனித உரிமை போன்றவற்றைக் கவனிக்கும் தனித்தனி அமைப்புகளை ஒன்றோடொன்று இணைத்து வைப்பது இந்த மன்றம். எங்கள் பாஷையில் சொன்னால், பல பாதைகள் வந்து சேரும் ஜங்ஷனில் கேபின் மாதிரி. எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் தலைமை ஏற்ற மனித உரிமை ஆணையம் அந்த ஆண்டு இந்த மன்றத்தில்தான் உருவானது. உலக சுகாதார நிறுவனத்துக்கு அடிகோலிய மாநாட்டையும் அதே ஆண்டு இம்மன்றமே கூட்டியது. வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் அந்த நிறுவனத்தின் நிர்வாக வாரியத்துக்குத் தலைவரானவர் தம்பி டாக்டர் லட்சுமணசாமி. மாணவருக்குக் குழப்பம் வந்ததில் தப்பே இல்லை.

அதே 1946-இல் அவர் மைசூர் சமஸ்தானத்தின் திவான். நம் பெங்களூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. 1947 செப்டம்பரில் பொறுப்பாட்சி கேட்டு 'மைசூர் சலோ' கிளர்ச்சி நடந்தது. திவானின் நிர்வாகம் கைது, தடை என்றுதான் அதை எதிர்கொண்டது. அக்டோபரில் மகாராஜா இறங்கி வந்து, கே. சி. ரெட்டி தலைமையில் மக்கள் மந்திரிசபை அமைந்தது. கன்னட நண்பர்கள் சிலர் அவரை இன்னும் கசப்போடு நினைவுகூர்வதற்கு இதுவே காரணம். அந்தக் கசப்பை நாம் தவறு சொல்ல முடியாது. மைசூரின் கடைசி திவான் அவர்தான். 1949-இல் அந்தப் பதவியே முடிந்துபோனது. இடையில் 1948 செப்டம்பரில் ஐதராபாத் பிரச்சினை பாதுகாப்பு சபைக்குப் போனபோது, இந்தியாவுக்காகப் பேச நேருவின் அரசாங்கம் அனுப்பியது இவரைத்தான். 'வெள்ளைக்காரன் ஆள்' என்பவரை ஏன் அனுப்பினார்கள்? அந்த மன்றங்களின் சட்டதிட்டம் அவருக்கு அத்துப்படி. வேலை தெரிந்தவனை யார் விடுவார்கள்?

அறுபதைத் தாண்டிய பிறகுதான் தொழில்துறை அத்தியாயம். கல்கத்தாவின் இந்தியா ஸ்டீம்ஷிப் கப்பல் கம்பெனிக்குத் தலைவர். முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸுக்குத் தலைவர். இவற்றுக்கெல்லாம் மேலாக, 1955 ஜனவரியில் பிறந்த ஐ.சி.ஐ.சி.ஐ.யின் முதல் தலைவர்.

இந்த ஐ.சி.ஐ.சி.ஐ. அன்று நமக்குத் தெரிந்த மாதிரி பாஸ்புக் கொடுக்கும் பாங்கி அல்ல. தனியார் ஒருவர் தொழிற்சாலை கட்ட வேண்டும். இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வரவேண்டும்; அதற்கு அன்னியச் செலாவணி வேண்டும். சாதாரண பாங்கிகள் குறுகிய காலத்துக்குத்தான் கடன் தரும். தொழிற்சாலையோ லாபம் காட்டப் பல வருடமாகும். உலக வங்கியிடம் பணம் உண்டு. ஆனால் அது அரசாங்கத்துக்கு, அல்லது அரசாங்கம் ஜாமீன் நிற்கும் இடத்துக்குத்தான் கொடுக்கும். நடுவில் ஒரு பாலம் தேவைப்பட்டது. இந்தியத் தொழிலதிபர்களும் பிரிட்டிஷ், அமெரிக்க முதலீட்டாளர்களும் சேர்ந்து ஐந்து கோடி ரூபாய் மூலதனம். மத்திய அரசு வட்டியில்லாமல் ஏழரைக் கோடி. உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன். மூன்று தரப்புக்கும் மற்ற இரண்டின் மேல் சந்தேகம். லண்டனில் ஒருவரோடும் வாஷிங்டனில் ஒருவரோடும் டில்லியில் ஒருவரோடும் அவரவர் பாஷையில் பேசத் தெரிந்தவர் தலைமை நாற்காலியில் இருக்க வேண்டும். தூதருக்கும் தொழில் நிர்வாகிக்கும் என்ன சம்பந்தம் என்று மாணவர் கேட்டாரே, அதற்கு இதுதான் விடை. ஐ.சி.ஐ.சி.ஐ. தொடங்கிய வங்கி 1994-இல் வந்தது. 2002-இல் தாய் நிறுவனமே அதனோடு இணைந்துவிட்டது.

இதற்கு நடுவே திருவாங்கூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். 1970-இல் பத்மவிபூஷண். 1976 ஜூலை 17 அன்று காலமானார். தம்பி அதற்கு இரண்டு ஆண்டு முன்பே போய்விட்டார். அம்பத்தூரில் சர் ராமசாமி முதலியார் பெயரில் மேல்நிலைப்பள்ளி ஒன்று இருக்கிறது. நம் சங்கத்திலும் ஒருவரிருவர் அங்கே படித்தவர்களாக இருக்கலாம்.

என் தகப்பனாரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. அவரிடம் ஒரு ஹெர்குலிஸ் சைக்கிள் இருந்தது. ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் இருபது வருடத்துக்கு மேல் அதில்தான் போய்வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேங்காயெண்ணெய்த் துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைப்பார். எங்களைத் தொடவிட மாட்டார். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த வண்டி அது. அதன் தலைவர் யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிய வந்தபோது, சொல்வதற்கு அவர் இல்லை.