பழைய பேட்டையில் புதிய இல்லம்
தோ பாயோவில் வீடு வாங்க விழைவோர் எண்ணிப் பார்க்க வேண்டியவை

திருவிழாக் காலத்தில் கோயில் மண்டபத்தில் அன்னதானத்திற்காக அமர்ந்திருக்கும் வேளையில் காதில் விழும் பேச்சுகளில் ஒன்று வீட்டைப் பற்றியது. "பிள்ளைக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது, இந்தப் பக்கத்திலேயே ஒரு வீடு கிடைத்தால் நன்றாயிருக்கும்" என்று பெரியவர் ஒருவர் கூறுவார். "பழைய வீடாயிற்றே, குத்தகை எத்தனை ஆண்டு பாக்கி?" என்று மற்றவர் வினவுவார். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது நம் முன்னோர் மொழி. இங்கோ நம்மில் பெரும்பாலோர் வீட்டைக் கட்டுவதில்லை, வாங்கித்தான் பார்க்கிறோம். அதிலும் பழைய பேட்டையில் வாங்குவதற்குத் தனிக் கவனம் தேவைப்படுகின்றது.

தோ பாயோவை எடுத்துக்கொள்வோம். பெரிய சதுப்பு நிலம் என்னும் பொருள்படும் பெயரைக் கொண்ட இவ்வட்டாரம், 1960களின் நடுவிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தால் நகராக உருவாக்கப்பட்டது. குவீன்ஸ்டவுனுக்கு அடுத்து எழுந்த துணைநகர் இதுவேயாகும். நாட்டின் முதல் பெருவிரைவு ரயில் 1987ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் இயோ சூ காங்கிற்கும் தோ பாயோவிற்கும் இடையேதான் ஓடத் தொடங்கியது. இன்று இங்கிருந்து நொவீனா, அடுத்து நியூட்டன், அங்கு டௌன்டவுன் பாதைக்கு மாறினால் மறு நிலையமே லிட்டில் இந்தியா. பூச்சரம் வாங்கவும் சிராங்கூன் சாலைக் கோயில்களில் வழிபடவும் மூன்றே நிறுத்தங்கள் என்பது சிறிய வசதியன்று.

கோயிலும் குடிபெயர்ந்த கதை

தோ பாயோ லோரோங் 8இல் வீற்றிருக்கும் ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆலயமும் ஒரு காலத்தில் சாமர்செட் சாலையில் இருந்து, பின் 1980களில் இப்பேட்டைக்கு வந்ததாகும். பழைய இடமும் புதிய இடமும் ஒரே வடக்கு தெற்கு ரயில் பாதையில் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. குடிபெயர்ந்த அடியார்களும் ரயிலேறி வந்து வழிபட முடிகின்றது. ஆகவே, கோயிலுக்கு அருகில் வீடு வேண்டுமெனில் அடுத்த தெருவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவு, முதியோர் வெயிலிலும் மழையிலும் செல்லக்கூடிய கூரையிட்ட நடைபாதை, பேருந்து வசதி ஆகியவற்றையே முதலில் நோக்குதல் நலம்.

குத்தகைக் கணக்கு

வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகை உடையது. 1968இல் குத்தகை தொடங்கிய வீட்டை 2025இல் ஒருவர் வாங்கினால், எஞ்சியிருப்பவை 42 ஆண்டுகள். 2019ஆம் ஆண்டு மே மாதம் நடப்புக்கு வந்த விதியின்படி, வாங்குவோருள் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடித்தால்தான் மத்திய சேம நிதியை முழு அளவில் பயன்படுத்தலாம். இல்லையேல் அளவு குறைக்கப்படும். எஞ்சிய குத்தகை 20 ஆண்டுக்கும் குறைவாயின் சேம நிதியைப் பயன்படுத்தவே இயலாது.

இதன் விளைவைக் காண்போம். 55 வயதுத் தம்பதியர்க்கு 42 ஆண்டு போதும். 97 வயதுவரை வீடு உண்டு. 35 வயது மகனுக்கோ 77 வயதிலேயே குத்தகை முடிந்துவிடும். ஒரே வீடுதான், தந்தைக்குப் பொருந்துவது மகனுக்குப் பொருந்தவில்லை. இளையோர் கூடுதல் ரொக்கம் திரட்ட நேரும். பிற்காலத்தில் விற்க முற்படும்போது வாங்குவோரும் இதே கணக்கைப் போடுவர் என்பதையும் மறத்தலாகாது. அரசு ஒரு நாள் கட்டடத்தை எடுத்துக்கொண்டு புதுவீடு தரும் என்று நம்பிப் பெருவிலை கொடுப்பது அறிவுடைமை ஆகாது.

இன விகிதம்

1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையையும் நம்மவர் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். 2010ஆம் ஆண்டுமுதல் இந்தியர், பிற இனத்தவர்க்கான வரம்பு வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு ஆகும். வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியக் குடும்பம், அதே பிரிவைச் சேர்ந்தவரிடமிருந்து மட்டுமே வாங்க இயலும். விற்கும்போதும் சிக்கல் எழக்கூடும்: சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. வாங்குவோர் வட்டம் சுருங்கினால் விலையும் இறங்கக்கூடும். எனவே வீட்டைப் பார்க்கப் புறப்படும் முன்னரே அந்தப் புளோக்கின் நிலையைக் கழகத்திடம் அறிந்துகொள்வது சாலச் சிறந்தது.

மேற்கூரையைப் பாருங்கள்

புதுச் சாயத்தைக் கண்டு மயங்க வேண்டாம். குளியலறை, சமையலறை மேற்கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகின்றதா, மேல்வீட்டு நீர் கசிகின்றதா என்று பகல் வெளிச்சத்தில் காணுங்கள். 2007இல் அறிவிக்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டம் அந்தப் புளோக்கில் நிறைவேறிவிட்டதா என வினவுங்கள். பழைய புளோக்குகளில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டுமே நின்றதுண்டு. 2001இல் தொடங்கிய மேம்பாட்டினால் பெரும்பாலானவற்றில் இக்குறை நீங்கியது. எனினும், முழங்கால் வலியுள்ள தாயாரை உடன் வைத்துக்கொள்வோர் தாமே மின்தூக்கியில் ஏறிப் பார்த்துவிடுதல் நன்று.

பெற்றோருக்கு அருகில்

மறுவிற்பனை வீட்டைப் பெற்றோருடன் வாழ்வதற்காக வாங்கும் தகுதியுள்ள குடும்பத்திற்கு 30,000 வெள்ளியும், அவர்களுக்கு 4 கிலோமீட்டருக்குள் வாங்குவோர்க்கு 20,000 வெள்ளியும் மானியமாக வழங்கப்படுகின்றன. 2023 மே முதல், வீடு வாங்கும் தகுதிக் கடிதத்தைக் கழகத்திடம் பெற்ற பின்னரே விற்பவரிடம் வாங்கும் உரிமைப் பத்திரத்தைப் பெற முடியும். பத்திரத்திற்கான தொகை 1,000 வெள்ளியைத் தாண்டலாகாது. முடிவு செய்ய 21 நாள் அவகாசம் உண்டு. மதிப்பீட்டிற்கு மேல் ஒப்புக்கொண்ட தொகை எதுவாயினும் அதனை ரொக்கமாகவே செலுத்த வேண்டும். பேரம் பேசும்போது இதனை நினைவிற் கொள்க.

பழைய பேட்டையில் நிழல் தரும் மரங்களும், உணவங்காடியும், நெடுநாள் அண்டை வீட்டாரும் உளர். அவற்றோடு எஞ்சிய ஆண்டுகளின் கணக்கும் சேர்ந்தே வருகின்றது. தந்தையும் மகனும் ஒன்றாக அமர்ந்து அக்கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு நல்ல நாள் குறிப்பார்களாயின், பால் பொங்கும் அவ்வேளையில் மனமும் நிறைந்திருக்கும்.