ஒரு பைபிள்... ஒரு பிடி ஓட்ஸ்!

தினமும் காலையில் ஆம்பளைங்க எல்லாம் தெருவில் கூடுவார்கள். தலைவர் கிடையாது, மைக் கிடையாது. 'இன்னிக்கு என்ன வேலை செய்யலாம்?' என்பதுதான் ஒரே அஜெண்டா. சில நாள் பேசிப் பேசியே பொழுது போய்விடும். நம்ம ஆபீஸ் மீட்டிங் மாதிரி இருக்கிறதா? இதற்குப் பெயர் 'பார்லிமெண்ட்'!

இடம், ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தில் உள்ள ஹிர்ட்டா. பக்கத்துத் தீவுக்குப் போகவே சுமார் 64 கிலோமீட்டர் அட்லாண்டிக்கைத் தாண்டணும். மரம் என்று ஒன்றுகூட இல்லை. சாப்பாடு? கடல் பறவைகள்! கயிற்றைக் கட்டிக்கொண்டு செங்குத்தான பாறைகளில் இறங்கி ஃபுல்மார், கானெட், பஃபின்களைப் பிடிப்பார்கள். கறி வயிற்றுக்கு, எண்ணெய் விளக்குக்கு, இறகு ஜமீன்தாருக்கு. ஆமாம் சார், வாடகையே இறகுதான்! பி.காம். படித்த எனக்கு, இதை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று இன்னும் புரியவில்லை.

கறியைக் காயவைக்க 'கிளீட்' என்ற கல் குடில்கள். கல் இடுக்கில் புகும் காற்றுதான் ஃப்ரிட்ஜ். ஹிர்ட்டாவில் மட்டும் 1,200-க்கும் மேல் இன்னும் நிற்கின்றன.

சிரிப்பு இத்துடன் முடிகிறது. 1852-ல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பலர் வழியிலேயே இறந்தார்கள். ஊரிலோ, பிறந்த சில நாட்களிலேயே குழந்தைகள் ஜன்னி கண்டு சாகும். டெட்டனஸ்! 1890-களில் ஒரு பாதிரியார் சுத்தமான பிரசவ முறையைக் கொண்டுவந்த பிறகுதான் அது நின்றது.

முதல் உலகப்போரில் கடற்படை வந்து தங்கியது. கூடவே தபால், சாமான், வெளியுலகச் சேதி. 1918-ல் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று குண்டு போட்டது. அதற்கப்புறம் அரசாங்கம் சாவகாசமாக ஒரு பீரங்கியைக் கொண்டுவந்து வைத்தது. எதிரியைப் பார்த்து அது ஒருதரம்கூடச் சுடவில்லை!

போர் முடிந்து கடற்படை போனதும், தீவு முன்னைவிடத் தனிமையாகிவிட்டது. இளைஞர்கள் கிளம்பினார்கள். 1920-ல் 73 பேர், 1928-ல் 37. படகு வலிக்கவும், பாறையில் கயிறு பிடிக்கவும் ஆள் வேண்டாமா? 1930 ஜனவரியில் ஒரு இளம்பெண் நோயில் இறந்தாள். மே மாதம் அவர்களே அரசுக்கு மனு எழுதினார்கள்: எங்களை அழைத்துப் போய்விடுங்கள்!

1930 ஆகஸ்ட் 29. 'ஹேர்பெல்' என்ற போர்க்கப்பல் வந்தது. மிச்சமிருந்த 36 பேரும் ஏறினார்கள். நாய்களைக் கல் கட்டிக் கடலில் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைபிளைத் திறந்துவைத்து, பக்கத்தில் ஒரு பிடி ஓட்ஸ் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அக்கரையில் பலருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? வனத்துறையில்! மரமே இல்லாத ஊர்க்காரர்களுக்கு!

அந்த ஒற்றைத் தெரு இன்றும் இருக்கிறது. சில வீடுகளுக்கு மட்டும் கூரை போட்டிருக்கிறார்கள். மற்றவை வெறும் சுவர். பக்கத்தில் ராணுவ ராடார் தளம். சோய் ஆடுகள் இஷ்டத்துக்கு மேய்கின்றன. 1986-ல் யுனெஸ்கோ அங்கீகாரமும் வந்துவிட்டது.

எட்டு வயதில் கப்பலேறிய ஒரு பெண்தான் கடைசி சாட்சி. 2016-ல், 93 வயதில், அவரும் போய்விட்டார்.

யாரும் துரத்தவில்லை, அவர்களே கேட்டுத்தான் போனார்கள். சரிதான். ஆனால், திரும்பி வரவே போவதில்லை என்று தெரிந்தவன் அந்த ஒரு பிடி ஓட்ஸை யாருக்காக வைத்தான்?

சொந்த ஊர் வீட்டைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியவர்களுக்குப் பதில் தெரிந்திருக்கும்.