கன்டெய்னர் படிமம் கொண்டு பிளாக்செயின் கணு அமைத்தல்

பேரேடு ஒன்று ஓரிடத்தில் மட்டும் இருக்குமாயின், அதைத் திருத்த ஒருவர் கையே போதும். அதன் பிரதிகள் பல்லாயிரம் இடங்களில் இருந்து, ஒவ்வொரு பதிவும் ஆங்காங்கே சரிபார்க்கப்படுமாயின் கள்ளத் திருத்தம் நிலைபெறுவது அரிது. பிட்காயினின் அடிப்படை இதுவே. சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் 2008-இல் வெளியான கட்டுரை இம்முறையை வகுத்தது. 2009 ஜனவரி 3 எனத் தேதியிட்ட முதல் தொகுதியிலிருந்து, சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதி வீதம் இப்பேரேடு வளர்ந்து வருகிறது. முழுப் பேரேட்டையும் பெற்றுத் தானே சரிபார்க்கும் கணினியை முழுக்கணு என்பர். கணு நடத்துவதால் வருமானம் இல்லை; பிறர் சொல்லை நம்பியிராமல் தாமே சோதித்தறியும் வாய்ப்பே அதன் பயன்.

மென்பொருளையும் அது இயங்க வேண்டிய துணைக் கோப்புகளையும் ஒன்றாகக் கட்டிய பொதியே படிமம். 2013-இல் வெளிவந்த டாக்கர் இம்முறையைப் பரவலாக்கியது. ஓர் அச்சுக்கட்டையிலிருந்து பல பிரதிகள் எடுப்பதுபோல, ஒரு படிமத்திலிருந்து பல கன்டெய்னர்களை இயக்கலாம்.

கணு அமைப்போர் நான்கு செய்திகளைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, படிமத்தின் பிறப்பிடம். யாரோ கட்டிய படிமத்தை ஆராயாமல் இயக்கினால், சோதிக்கும் கருவியையே சோதியாது ஏற்றவராவோம். பிட்காயின் கோர் மென்பொருளின் வெளியீட்டுக் கோப்பை எடுத்து, அதன் ஷா-256 எண்ணையும் கையொப்பங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, படிமத்தை நாமே கட்டிக்கொள்வது சிறந்தது.

இரண்டாவது, தரவின் இருப்பிடம். கன்டெய்னரை நீக்கினால் அதனுள் எழுதப்பட்டவையும் மறையும். ஆதலால் பேரேட்டைக் கன்டெய்னருக்கு வெளியே, தனி வால்யூமில் வைத்தல் இன்றியமையாதது. 2025-இல் பேரேடு 600 கிகாபைட்டைக் கடந்திருந்தது. இடம் குறைவாயின், சரிபார்த்த பழைய தொகுதிகளைக் கழித்து, அவற்றுக்கான இடத்தை 550 மெகாபைட் வரை சுருக்கலாம். செலவழியாத நாணயங்களின் பட்டியலுக்கு மட்டும் மேலும் பல கிகாபைட் வேண்டும். ஆயினும் முதல் முறை முழுவதையும் இறக்கியே ஆகவேண்டும். அளவு வரம்புள்ள இணைய வசதியினர் இதை மறத்தலாகாது.

மூன்றாவது, வாயில்கள். பிற கணுக்களுடன் தொடர்புகொள்ளும் வாயில் 8333. கட்டளை ஏற்கும் வாயில் 8332. பின்னதை வெளியுலகுக்குத் திறந்துவிடலாகாது. டாக்கரில் முகவரி குறிப்பிடாமல் வாயிலைத் திறந்தால், அது கணினியின் எல்லா முகவரிகளிலும் திறந்துகொள்ளும்.

நான்காவது, நிறுத்தும் முறை. நிறுத்துமாறு கட்டளையிட்டபின் டாக்கர் வழக்கமாகப் பத்து வினாடிகளே காத்திருந்து, பின்னர் வலிந்து நிறுத்திவிடும். நினைவகத்தில் உள்ளவற்றை வட்டில் எழுதி முடிக்கக் கணுவுக்கு அதனினும் மிகுந்த நேரம் தேவைப்படலாம். ஆகவே அக்கால அளவைச் சில நிமிடங்களாக உயர்த்துக.

ஆசிரியர்களுக்கு எளிய வழியொன்று உண்டு. ரெக்டெஸ்ட் என்னும் சோதனை முறையில் வெளித் தொடர்பும் பெருந்தரவும் தேவையில்லை. தொகுதிகளை நாமே வேண்டியபோது உண்டாக்கலாம். இரு கன்டெய்னர்களை இணைத்து, ஒன்றில் உண்டாக்கிய தொகுதியை மற்றது சரிபார்த்து ஏற்பதை மாணவருக்குக் காட்டலாம். தொகுதிக்கு வெகுமதியாக வரும் நாணயத்தின்மேல் மேலும் 100 தொகுதிகள் சேரும்வரை அதைச் செலவிட முயன்றால் கணு மறுத்துவிடும். விதியைக் காப்பது எவ்வாறு என்பதை மாணவர் கண்கூடாக அறிய அம்மறுப்பே போதும்.