தராசருகே தலைவருக்கு என்ன வேலை?

கந்தர்வக்கோட்டைச் செம்மண்ணில் கடலையும் முந்திரியும் விளைவிக்கத் தெரிந்த உழவர் பெருமக்களுக்கு, பலர் கூடிக் கம்பெனி நடத்துவது புதுப் பயிர். உழவர் உற்பத்தியாளர் கம்பெனிக்கு 2002-இல் சட்டம் இடம் தந்தது. பத்துப் பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். பிறகு யார் எதைச் செய்வது என்பதில்தான் இடறுகிறார்கள்.

ஓர் ஊரில் நான் கண்டது இது. கடலைக் கொள்முதல் நாள். தராசருகே தலைவரே நின்றார். நல்ல மனிதர், ஊருக்கு உழைத்தவர். பங்காளி முறையுள்ள ஒருவர் ஈரக்காய் கொண்டுவந்தார். குலுக்கிப் பார்த்தால் கலகலவென்ற ஓசை இல்லை. ஈரம் 8 சதத்துக்கு மேல் போனால் பூஞ்சணம் பிடிக்கும் என்று தலைவருக்கும் தெரியும். இருந்தும் "போடப்பா" என்றார். மேலாளர் கணக்கு நோட்டுடன் ஒதுங்கி நின்றார். மூட்டைகளைப் பிரித்தபோது பூஞ்சண வாடை. வியாபாரி மொத்தத்துக்கும் விலையைக் குறைத்தார். நன்றாகக் காயவைத்தவருக்கும் அதே நட்டம்.

குஜராத்தில் 1946-இல் தொடங்கிய கெய்ரா மாவட்டப் பால் சங்கத்தின் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல். அரசு வேலையாக 1949-இல் ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியனை அவரே கேட்டு நிறுத்திக்கொண்டார். குரியன் நம் கிண்டியில் படித்த பொறியாளர். ஊர் ஊராகப் போய் உழவர்களைச் சேர்த்தது பட்டேல். இயந்திரமும் விற்பனையும் குரியன் பொறுப்பு. அதில் தலைவர் கைவைக்கவில்லை. அந்தச் சங்கத்தின் சரக்குதான் அமுல்.

நம் சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. இயக்குநர்கள் 5 முதல் 15 பேர். முழுநேர முதன்மைச் செயல் அலுவலர் உறுப்பினராக இருக்கக்கூடாது. பங்காளி தயவு அவருக்குத் தேவைப்படக்கூடாது என்பதற்கே இவ்விதி என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடன் வாங்குவது, யாருக்கு விற்பது, எந்த ஈரத்துக்கு என்ன விலை, இவற்றை இயக்குநர் கூட்டத்தில் பேசி முடியுங்கள். விடிய விடியப் பேசினாலும் தவறில்லை. முடிவைக் கொள்முதலுக்கு முந்திய நாளே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். மறுநாள் தராசு மேலாளருடையது. ஈரமானி காட்டுவதே தீர்ப்பு. தலைவரின் அண்ணன் காய்க்கும் அதே கணக்கு. ஆனால் களத்தில் காய் காயும்போது வானம் இருட்டினால் கூட்டம் போடாதீர்கள். ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தார்ப்பாயை இழுக்கவேண்டும்.

ஈரக்காயைத் திருப்பும்போது மேலாளர் கடுஞ்சொல் பேசக்கூடாது. இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுத்து வாருங்கள், பலகையில் உள்ள விலை அதுவரை மாறாது என்று சொல்லி அனுப்பினால் போதும்.